நஞ்சை ஒன்று, சட்டம் மூன்று: காரைக்கால் சிற்றூர்களின் நிலக்கதை

வடக்கே பூவம், தெற்கே வாஞ்சூர். இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையில், காவிரியின் கடைமடையில், ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது காரைக்கால். பேருந்தில் கடந்து செல்வோருக்கு இதன் எல்லையை அறிவிப்பவை பெரும்பாலும் மதுக்கடைப் பலகைகளே. வயலைப் பார்த்து எல்லை சொல்ல எவராலும் இயலாது. இருபுறமும் அதே வண்டல், அதே ஆறுகள், அதே சம்பா. ஆனால் அந்த வயல் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு எவ்வாறு வந்தது, மகளுக்கு அதில் ஒரு குழியேனும் கிடைத்ததா என்று கேட்டால், எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் விடை வேறுவேறு. காரைக்கால் வரலாறு எழுதுவோர் கோட்டை, கப்பல், ஆளுநர் என்று எழுதி நிறைவடைந்து விடுகிறார்கள். நாம் இங்கே பேச விரும்புவது அந்த வயலைப் பற்றி.

1739இல், பாண்டிச்சேரி ஆளுநர் துய்மாவின் காலத்தில், தஞ்சை மராட்டியரிடமிருந்து காரைக்கால் பிரெஞ்சுக் கும்பினியின் கைக்கு வந்தது. முதலில் துறைமுகமும் ஒருசில ஊர்களுமே கிடைத்தன. பத்தாண்டுகள் கழித்து, 1750ஐ ஒட்டி, சுற்றியுள்ள 81 ஊர்கள் சேர்ந்தன. கும்பினி உண்மையில் பெற்றது நிலத்தை அன்று, நிலத்தின் வரியை. உழுதவன் உழுதுகொண்டேயிருந்தான், மிராசுதாரர் வாரம் வாங்கிக்கொண்டேயிருந்தார். 1760 தொடங்கி ஆங்கிலேயர் பலமுறை இவ்வூர்களைக் கைப்பற்றுவதும் உடன்படிக்கைகளின்படி திருப்பித் தருவதுமாக இருந்தனர். 1817இல்தான் பகுதி நிலையாகப் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. உண்மையான மாற்றம் அதன் பின்னரே தொடங்கியது. அது பீரங்கியால் வரவில்லை, சட்டப் புத்தகத்தால் வந்தது.

1819இல் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் இந்தியக் குடியேற்றங்களில் நடைமுறைக்கு வந்தன. எனினும் மணம், வாரிசுரிமை ஆகியவற்றில் இந்துக்களுக்கு அவர்தம் வழக்கமும் முகம்மதியர்களுக்கு அவர்தம் சட்டமும் தொடரும் என்று உறுதியளிக்கப்பட்டது. வழக்கம் யாது என நீதிபதிகளுக்கு எடுத்துரைக்க 1827இல் உள்ளூர்ப் பெரியோரைக் கொண்ட ஆலோசனைக் குழுவொன்று அமைந்தது. கிறித்தவர்களுக்கும் இந்து வழக்கமே பொருந்தியது என்பது இன்று பலருக்கும் வியப்பாயிருக்கும்.

இங்கேதான் எல்லைக்கோடு வயலுக்குள் இறங்குகிறது. ஆங்கிலேயர் ஆண்ட தஞ்சை மாவட்டத்தில் மூதாதையர் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு. தந்தை உயிரோடிருக்கும்போதே பாகம் கேட்டு வழக்கிடலாம். பிரெஞ்சு இந்திய நீதிமன்றங்கள் நிலைநிறுத்திய கொள்கை இதற்கு நேர்மாறானது. தந்தை வாழும் வரை அவரே முழு உடைமையாளர். மகனுக்குப் பிறப்புரிமை என்று ஒன்று இல்லை. காரைக்கால் மிராசுதாரர் தம் நிலத்தை விற்பதற்கு மகனின் கையொப்பத்தை நாடவேண்டியதில்லை. எல்லைக்கு அப்பாலிருந்த அவருடைய சம்பந்தியோ மகன்களைக் கேட்காமல் ஒரு மாவைக்கூட அச்சமின்றி விற்க இயலாது. மூதாதையர் சொத்தை விற்பதற்குத் தக்க தேவை இருந்ததா என்று பின்னர் மகன் வழக்கிடக்கூடும் என்பதால், வாங்குபவர் தயங்குவார்.

இக்கொள்கைக்கு 1854ஆம் ஆண்டின் ஆணை மேலும் வலுச்சேர்த்தது. அதுவரை அரசின் நிலத்தை வரி கட்டி அனுபவித்து வந்தோராகக் கருதப்பட்டவர்கள் அவ்வாணையால் முழு உரிமையாளர் ஆயினர். நொத்தேர் எழுதும் பத்திரம் நிலத்தின் உயிராயிற்று. இன்றும் காரைக்கால் பட்டாவில் எக்டேர், ஆர், சென்டியார் என்றே அளவு காணப்படும். வரப்பில் நின்று பேசுவோர் மட்டும் மா, குழி என்றே சொல்வர். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. பிரெஞ்சுப் புரட்சியின் அளவுமுறை பத்திரத்தை வென்றது, வரப்பை வெல்லவில்லை.

ஆனால் 1854இல் உரிமையாளர் ஆனவர் யார்? வரிப்பதிவேட்டில் பெயர் இருந்தவர். சேற்றில் இறங்கியவர் அல்லர். பண்ணையாட்களுக்கு அவ்வாணை ஒரு குழியும் தரவில்லை. அதே பத்தாண்டுகளில்தான் காரைக்கால் துறைமுகம் மனிதர்களை ஏற்றுமதி செய்யும் துறையாக மாறியது. ரெயூனியனுக்கும், 1853 முதல் மர்த்தினிக்குக்கும், அடுத்த ஆண்டிலிருந்து குவாதலூப்புக்கும் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகள் பாண்டிச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கப்பலேறினர். அவர்களிற் பலர் எல்லைக்கு அப்பாலிருந்த ஆங்கிலேயர் பகுதியிலிருந்து வந்தவர்கள். ஆகவேதான் 1861இல் பிரிட்டனும் பிரான்சும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி குடிபெயர்வோரைக் கண்காணிக்கப் பிரிட்டனின் முகவர் துறைமுகங்களில் அமர்ந்தார். 1880களில் பிரிட்டன் இப்போக்குவரத்தை நிறுத்தியது. நிலமற்றவனுக்குக் காரைக்கால் காட்டிய வழி கடல்தான் என்பதே நம் கருத்து. ஒரே பத்தாண்டுகளில் ஒருவனுக்குப் பத்திரமும் மற்றவனுக்கு ஒப்பந்தமும் எழுதப்பட்டன.

இவ்வூரின் மிகப் பழைய கதையிலும் கடல் உண்டு. புனிதவதியாரின் கணவன் பரமதத்தன் வாணிபத்துக்கெனக் கப்பலேறிச் சென்று, திரும்பியபின் காரைக்காலுக்கு வராமல் பாண்டிநாட்டுத் துறையொன்றில் வேறு குடும்பம் அமைத்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. வீடு இங்கே, வாழ்வு அங்கே என்னும் நிலை இவ்வூருக்குப் புதிதன்று.

1881 செப்டம்பர் 21ஆம் நாளைய ஆணை மூன்றாவது சட்டத்தைத் திறந்துவிட்டது. விரும்பும் இந்தியர் தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கலாம், குடும்பப் பெயர் ஒன்றையும் சூடிக்கொள்ளலாம். காலணியுடன் நீதிமன்றம் நுழையும் உரிமைக்காகப் பாரிசு வரை வழக்காடி வென்ற பாண்டிச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை இதன் முன்னோடி. அவர் சூடிக்கொண்ட பெயர் லாபோர்த், அதாவது கதவு. இவ்வாறு துறந்தோரை ரெனோன்சான் என்பர். பெரும்பாலோர் அரசுப் பணியையும் சாதி இழிவிலிருந்து விடுதலையையும் எண்ணியே துறந்தனர் என்று கூறுவது மரபு. நிலத்தைப் பொறுத்தவரை பெரிய விளைவு வேறு. குடிமைச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் பங்கு சமம். பக்கத்து வீட்டில் அண்ணன் தம்பிகள் இருக்கையில் இந்து வழக்கப்படி மகளுக்குச் சீர்வரிசையோடு சரி. அடுத்த தெருவில் இசுலாமியர் வீட்டில் மகனுடைய பங்கில் பாதி. ரெனோன்சான் வீட்டில் சரிபாதி. ஒரே ஊர், ஒரே வாய்க்கால், மூன்று மகள்கள், மூன்று விடைகள்.

ஏட்டில் இருந்ததெல்லாம் வரப்பில் நடந்ததா என்பது வேறு கேள்வி. உரிமை இருந்த மகளும் அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தருவது நம் டெல்டா முழுவதும் காணும் வழக்கமே. ஆயினும், விட்டுக்கொடுக்க ஒன்று இருப்பதற்கும், விட்டுக்கொடுக்கவே ஒன்றும் இல்லாமைக்கும் வேறுபாடு உண்டல்லவா?

துறந்தோர் பலர் சைகோனுக்குச் சென்றனர். இந்தோசீனாவில் பிரெஞ்சு ஆட்சி விரிந்தபோது எழுத்தர், காவலர், வரிவசூலர், படைவீரர் எனப் பணிகள் திறந்தன. காரைக்கால் முசுலிம் வணிகர்களோ பினாங்கு, சிங்கப்பூர்த் துறைகளை அறிந்தவர்கள். இவர்கள் ஈட்டிய பணம் ஊருக்கு வந்து நஞ்சையாகவும் முற்றம் வைத்த வீடாகவும் மாறியது. ஓய்வூதியத்தோடு திரும்பிய ‘சொல்தா’ ஊரில் தனி மனிதர். உழாத கைகளுக்கு நிலம் சென்றுசேரும் போக்கு அன்றே தொடங்கிவிட்டது.

1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. உடன்படிக்கை 1956இல் கையொப்பமாகி, 1962 ஆகசுட்டு 16இல் சட்டப்படி முழுமையடைந்தது. ஊரில் பிறந்து வாழ்ந்தோர் இந்தியராயினர். பிரெஞ்சுக் குடிமையே வேண்டுமென்றால் ஆறு மாதங்களுக்குள் எழுதித் தரவேண்டும். ஒரு குடும்பத்தில் அண்ணன் எழுதிக்கொடுத்தார், தம்பி எழுதவில்லை என்னும் கதைகள் இங்கே ஏராளம். மறு ஆண்டே இந்து வாரிசுரிமைச் சட்டம் புதுவைப் பகுதிக்கு விரிந்தது. ரெனோன்சான்களுக்கு இது பொருந்தாது என்னும் விதிவிலக்கோடுதான் விரிந்தது. தமிழ்நாடு 1989இல் மூதாதையர் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை அளித்தபோது அது எல்லையில் நின்றுவிட்டது. நடுவணரசின் 2005 திருத்தமே காரைக்காலுக்கு அதைக் கொணர்ந்தது. மகனுக்கே பிறப்புரிமை இல்லையென்று நூற்றாண்டுக்கு மேல் தீர்ப்பளித்த மண்ணில் மகளுக்குப் பிறப்புரிமை என்பதை எவ்வாறு பொருத்துவது? வழக்கறிஞர்கள் இக்கேள்வியை எளிதில் விடமாட்டார்கள்.

இன்று நிலத்தின் விலையை நிர்ணயிப்பவை வேறு. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சிக் கூட்டம் பெருகப் பெருகத் தங்கும் விடுதிகள் வயலுக்குள் நகர்கின்றன. வாஞ்சூரில் 2009இல் தனியார் துறைமுகம் வந்தது. தண்ணீரோ கடைமடைக்குக் கடைசியில்தான் வருகிறது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் ஒதுக்கிய 7 டி.எம்.சி.யை உச்சநீதிமன்றம் 2018இல் மாற்றவில்லை. ஏட்டில் உள்ள அத்தண்ணீர் வாய்க்காலில் வருவதற்குப் பல மதகுகளைத் தாண்டவேண்டும். 2020இல் தமிழ்நாடு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியபோது, மூன்று புறமும் தமிழ்நாட்டால் சூழப்பட்ட காரைக்கால் வயல்கள் அதற்கு வெளியே நின்றன. பழைய எல்லைக்கோடு இன்னும் வேலை செய்கிறது.

பிரான்சில் குடியேறியோரின் பிள்ளைகளுக்கு இவ்வூர்களில் நஞ்சை உண்டு. அந்நியச் செலாவணி விதிகளின்படி வெளிநாட்டுக் குடிமகனான அவ்வாரிசு, இந்திய வம்சாவளியினராயினும், இங்கே விளைநிலத்தை விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வந்ததை வைத்துக்கொள்ளலாம். விற்பதானால் இந்தியாவில் வாழும் இந்தியக் குடிமகனுக்கே விற்கவேண்டும். அத்தகைய நிலத்தை வாங்க வருவோர் ஏர் பூட்டுவோராக இருப்பது அரிது. மனை பிரிப்போரே முந்துகின்றனர். அதே நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர் இவ்வாண்டும் நாற்று விட்டுவிட்டு, அரசலாற்றில் தண்ணீர் எப்போது வருமென்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.