அடங்கி நிற்கத் தெரிந்த பயிர்கள்

தர்மபுரியின் வேளாண் வரலாற்றை நாம் இல்லாமையின் கணக்காகவே எழுதி வந்திருக்கிறோம். மேற்கு எல்லையில் ஒகேனக்கல் வழியாகக் காவிரி ஓடியும் மேட்டு நிலங்களுக்கு அந்த நீர் ஏறவில்லை. ஆகவே ராகியும் சாமையும் கொள்ளும் வேறு வழியற்றவர்களின் பயிர்கள் என்பதே அந்த எழுத்தின் சாரம். வருவாய்க் கணக்கும் இந்தப் பார்வையை வளர்த்தது. 1792-இல் தர்மபுரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதி, திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும், அவருக்குக் கீழ் இங்கே பணியாற்றிய தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, வயல்தோறும் பணமாகத் தீர்வை விதித்த அனுபவத்திலிருந்துதான் ரயத்வாரி முறை உருப்பெற்றது. அந்தக் கணக்கில் நன்செய் மேல், புன்செய் கீழ். மழை பொய்த்தால் ஒரு பயிர் எத்தனை நாள் தாங்கும், பிறகு எப்படி மீளும் என்பதைப் பதிய அதில் இடமில்லை. ஆனால் இந்த மண்ணின் உழவர்கள் விதையைத் தேர்ந்ததில் அந்தக் கேள்விதான் முதலாவதாக இருந்திருக்க வேண்டும் என்பது என் வாதம். அதற்கான சான்று இன்று தாவரத்தின் செல்லுக்குள்ளிருந்தே கிடைக்கிறது.

செடியின் வளர்ச்சியைத் தடுக்கும் டெல்லா என்னும் புரத வகை அதன் செல்களில் எப்போதும் உருவாகிறது. ஈரம் போதுமானதாக இருக்கையில் கிப்பரெல்லின் என்ற ஊக்கி சுரந்து, தன் ஏற்பியோடு சேர்ந்து டெல்லாவைப் பிடிக்கிறது. உடனே யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் டெல்லாவின்மேல் அழிவுக்கான அடையாளமாக ஒட்டப்படுகிறது. அடையாளம் பெற்றதைப் புரோட்டியாசோம் என்ற சிதைப்பு அமைப்பு துண்டாக்க, தடை நீங்கிச் செடி நீள்கிறது. நெருக்கடியில் கிப்பரெல்லின் குறைய, டெல்லா சிதையாமல் தங்குகிறது, வளர்ச்சி அடங்குகிறது. வறட்சிக்கால மரபணுக்களை இயக்கும் டிரெப்2ஏ என்ற புரதமும் இப்படித்தான். நல்ல நாட்களில் செல் அதைச் செய்த கையோடு அழித்துவிடுகிறது. நீர் வற்றும்போது அழிப்பது நிற்க, அது வேலையில் இறங்குகிறது. காய்ந்து நிற்கும் பயிர் செயலற்றுக் கிடப்பதாகக் கண்ணுக்குத் தோன்றலாம். உண்மையில் அது எதை அழிப்பது, எதைக் காப்பது என்பதை மாற்றிக்கொண்டிருக்கிறது.

பசுமைப் புரட்சியும் இதே ஏற்பாட்டைத்தான் பயன்படுத்தியது. 1966-இல் வெளிவந்த ஐ.ஆர்.8 நெல்லில் கிப்பரெல்லினை உருவாக்கும் மரபணு ஒன்று செயலிழந்திருந்தது. நோரின் 10 என்ற குட்டை ரகத்தின் வழிவந்த கோதுமையில் டெல்லாவே எளிதில் சிதையாதபடி மாறியிருந்தது. இரண்டிலும் தண்டு குட்டையானது. உரமிட்டாலும் சாயாமல் கதிரைத் தாங்கியது. ஆனால் அந்தக் குட்டைத்தன்மை பெரும்பாலும் நிலையானது. வாய்க்கால் நீர் உறுதியாக வரும் வயலுக்கு அது பொருந்தும். ஆடியில் விதைத்து வானம் பார்க்கும் மானாவாரிக்கு வேண்டியது, ஈரத்துக்கேற்ப இறுகவும் தளரவும் தெரிந்த அடக்கம். இந்த ஏற்பாடு எல்லாப் பயிருக்கும் உண்டு என்றாலும், இடைவறட்சியைத் தாங்கி மழைக்குப் பின் துளிர்ப்பதில் ராகியும் சாமையும் நெல்லை மிஞ்சுகின்றன.

புரதம் என்ற சொல்லையே அறியாத உழவருக்கு இந்த அறிவை ஏற்றிச் சொல்வது மிகையல்லவா என்று கேட்கலாம். மிகையில்லை. தேர்வு காரணத்தைப் பார்த்து நடப்பதல்ல, விளைவைப் பார்த்து நடப்பது. வறண்ட ஆண்டிலும் மணி பிடித்த கதிரிலிருந்து விதை எடுத்தவர், பெயர் தெரியாமலே அந்த ஒழுங்கைக் காப்பாற்றினார். ராகியின் நடுவே அவரையும் துவரையும் சால் விட்டதும், ஒன்று தோற்றாலும் மற்றொன்று நிற்கட்டும் என்ற அதே கணக்குதான். செல்லுக்குள் நடப்பதைக் காட்டிய ஆய்வுகள் பெரும்பாலும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியிலும் நெல்லிலும் நடந்தவை, சாமைக்கு எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி இன்னும் வலுவானது. டெல்லாவும் யுபிக்விட்டினும் பூக்கும் தாவரங்கள் அனைத்துக்கும் பொதுவானவை. எனவே அடிப்படை ஒன்றே எனக் கொள்வது நியாயம். நுட்பமான வேறுபாடுகளைச் சாமையிலேயே தேட வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு 1876–78 பஞ்சம். அப்போது தர்மபுரியை உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்தில் பெருந்திரளானோர் மடிந்தார்கள்; தாங்கும் பயிர்கள் ஏன் காக்கவில்லை? சில வார வறட்சியைத்தான் பயிர் அடங்கிக் கடக்க முடியும். பருவமழையே தவறினால் எந்தச் செல்லும் ஈடுகொடுக்காது. தானியம் கையிருப்பிலும் சந்தையிலும் எட்டும் விலையில் இருந்திருந்தால் மட்டுமே உயிர்கள் மிஞ்சியிருக்கும். பஞ்சத்தின் நடுவிலும் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நடந்துகொண்டிருந்தது. அந்தத் தோல்வியைப் பயிரின்மேல் சுமத்துவது ஆட்சியின் பொறுப்பை மறைக்கும். இன்றோ அதே பயிர்களுக்கு மதிப்பு கூடியிருக்கிறது; 2023-ஐ உலகம் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அந்த மதிப்பு நிலைக்க வேண்டுமானால், தர்மபுரியின் மேட்டு நிலங்களில் ரகங்களை ஒப்பிடுவோர் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதோடு, எத்தனை நாள் காய்ந்து எவ்வளவு மீண்டது என்பதையும் அளக்க வேண்டும். அந்த அளவுகோல் கைக்கு வரும்போதுதான், புன்செய்யைக் கீழே வைத்த பழைய கணக்கு திருத்தப்படும்.