வீட்டுக்காரர், தோழர், தாடிக்காரர்

ஆங்கிலம்–ருமேனிய அகராதியில் ‘ஹஸ்பண்ட்’ என்ற சொல்லைத் தேடினால் எதிரே இரண்டு சொற்கள் இருக்கும். ஒன்று ‘சொட்ஸ்’, மற்றது ‘பர்பாட்’. இரண்டுக்கும் கணவன் என்றுதான் பொருள். அகராதியின் வேலை அதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் இந்த மூன்று சொற்களையும் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் உள்ளே மூன்று வேறு வேறு ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆங்கிலக் கணவர் ஒரு வீட்டுக்காரர். ருமேனியக் கணவர்களில் ஒருவர் தோழர், இன்னொருவர் தாடிக்காரர். சொல் ஆராய்ச்சிதானே, சும்மா பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டு ருமேனியா இதில் ஒரு சொல்லை முன்வைத்து நாடு தழுவிய பொது வாக்கெடுப்பே நடத்தியது.

முதலில் ஆங்கிலம். பழைய ஆங்கிலத்தில் ஆணுக்கு ‘வெர்’, பெண்ணுக்கு ‘விஃப்’. இருவரும் மணம் செய்துகொண்ட பிறகும் அதே சொற்கள்தான் வழங்கின. ‘விஃப்’ பிற்பாடு ‘வைஃப்’ ஆகி மனைவியாக நின்றுவிட்டது. ‘வெர்’ அழிந்துபோனது. ஓநாயாக மாறும் மனிதனைக் குறிக்கும் ‘வேர்வுல்ஃப்’ என்ற சொல்லில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்துக்கு வந்த ‘ஹஸ்பண்ட்’ ஆங்கிலச் சொல்லே அல்ல. கப்பலேறி வந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் கொண்டுவந்தது. ‘ஹூஸ்’ என்றால் வீடு. ‘போண்டி’ என்றால் சொந்த நிலமும் வீடும் உள்ள குடியானவன். ‘ஹூஸ்போண்டி’ என்பவன் வீட்டுக்கு உரியவன், குடும்பத் தலைவன். அவனுக்கு மனைவி இருந்தாளா இல்லையா என்பது அந்தச் சொல்லுக்குப் பொருட்டே இல்லை. மணமான ஆண் என்ற பொருள் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் நிலைபெறுகிறது.

பழைய பொருள் முழுதாகப் போய்விடவில்லை. ‘ஹஸ்பண்ட்ரி’ என்றால் இன்றும் வேளாண்மை, கால்நடை வளர்ப்பு. கிழக்கிந்தியக் கம்பெனி வாடகைக்கு அமர்த்திய கப்பல்களின் செலவையும் சரக்கையும் உரிமையாளர்கள் சார்பில் பார்த்துக்கொண்டவருக்குக் ‘கப்பலின் ஹஸ்பண்ட்’ என்றே பெயர். ஆக, ஹஸ்பண்ட் என்பவர் ஒன்றைக் கட்டி மேய்ப்பவர், சிக்கனமாக நிர்வகிப்பவர்.

இந்தச் சொல்லுக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. நிலம் வைத்திருந்த சுதந்திரக் குடியானவனைக் குறித்த அதே ‘போண்டி’, நார்மன் படையெடுப்புக்குப் பிறகு நிலத்தோடு கட்டுண்ட பண்ணையாளைக் குறிக்கத் தொடங்கியது. அடிமைத்தனத்தைச் சொல்லும் ‘பாண்டேஜ்’ என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான். ஒரே வேரில் ஒரு கிளை கணவன், மறு கிளை அடிமை. ஆட்சி மாறியபோது வயலில் அந்தக் குடியானவன் தன் நிலையை இழந்தான். வீட்டுக்குள் மட்டும் தலைவனாகவே இருந்தான்.

அந்தத் தலைமையைச் சட்டம் எவ்வளவு தூரம் கொண்டுபோனது என்பதற்கு வில்லியம் பிளாக்ஸ்டோன் சாட்சி. 1765இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய சட்ட விளக்க நூல், கணவனும் மனைவியும் சட்டத்தின் பார்வையில் ஒரே ஆள் என்கிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அந்த ஒரே ஆள் யார் என்று கேட்டால், கணவன். மனைவியின் சட்ட இருப்பு அவனுடைய நிழலுக்குள் அடங்கிவிடும். அவள் சம்பாதித்த காசும் அவனுடையது. 1870இலும் 1882இலும் வந்த சொத்துரிமைச் சட்டங்களுக்குப் பிறகுதான் இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள முடிந்தது. வீட்டுக்காரன் என்ற சொல்லுக்கு வீடு மட்டும் போதவில்லை, வீட்டுக்குள் இருந்தவளும் தேவைப்பட்டாள்.

இனி ருமேனியாவுக்குப் போவோம். சுற்றிலும் ஸ்லாவிய மொழிகளும் ஹங்கேரிய மொழியும் சூழ, நடுவில் தனித்து நிற்கும் லத்தீனின் பிள்ளை ருமேனிய மொழி. அதனால் அதன் திருமணச் சொற்களில் இரண்டு மூன்று உலகங்கள் கலந்து கிடக்கின்றன. ‘சொட்ஸ்’ லத்தீனின் ‘சோசியுஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. பொருள், கூட்டாளி, தோழன். ‘சொசைட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதுவே மூலம். மனைவி ‘சொட்ஸியே’, அதே தோழனின் பெண்பால். மற்றச் சொல்லான ‘பர்பாட்’ லத்தீனில் ‘பர்பாட்டுஸ்’, தாடி வைத்தவன். இன்றைய ருமேனிய மொழியில் அதற்கு ஆண் என்றும் பொருள், கணவன் என்றும் பொருள். “என் பர்பாட்” என்று ஒரு பெண் சொன்னால், என் ஆம்பளை என்கிறாள்.

மனைவிக்கு வழங்கும் இன்னொரு சொல் ‘நெவாஸ்தா’. இது ஸ்லாவியர்களிடமிருந்து வந்தது. அங்கே மணப்பெண், மருமகள் என்று பொருள். பலரும் ஏற்கும் விளக்கத்தின்படி ‘அறியப்படாதவள்’ என்பது அதன் அடிப்பொருள். புகுந்த வீட்டு வாசலில் வந்து நிற்கும் முகம் தெரியாத பெண். ஆணை அவன் தாடியை வைத்து அடையாளம் கண்ட மொழி, பெண்ணை அந்நியளாகக் கண்டிருக்கிறது.

பெயர்ச்சொற்களைவிட வினைச்சொற்கள் இன்னும் வெளிப்படையாகப் பேசுகின்றன. ஆங்கிலத்தில் ஆணும் பெண்ணும் செய்வது ஒரே வினை, ‘மேரி’. ருமேனிய மொழியில் ஆண் செய்வது ‘இன்சுரா’. லத்தீனில் மனைவியைக் குறிக்கும் ‘உக்சோர்’ அதற்குள் இருக்கிறது. மனைவியுடையவன் ஆவது என்று பிரித்துச் சொல்லலாம். பெண் செய்வது ‘மரிட்டா’. அதற்குள் கணவனைக் குறிக்கும் ‘மரிட்டுஸ்’ இருக்கிறது. ‘மேரி’யும் பிரெஞ்சு வழியாக வந்த இதே ‘மரிட்டா’தான். ஆங்கிலம் அதை இருபாலுக்கும் பொதுவாக்கியது, ருமேனியம் பெண்ணுக்கென்றே ஒதுக்கிவைத்தது. லத்தீனிலும் இந்தப் பிரிவினை இருந்தது. அங்கே ஆண் மனைவியை ‘நடத்திச் செல்வான்’; பெண்ணுக்கு ‘நூபெரெ’ என்று தனி வினை. சொற்கள் மாறின, பிரிவினை மாறவில்லை.

தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்காது. ‘வாக்கப்பட்டா’ என்று பெண்ணைப் பற்றித்தான் சொல்லமுடியும். ஆணைப் பற்றி ‘வாக்கப்பட்டான்’ என்றால் கேட்பவர் சிரிப்பார். அவன் பொண்ணு எடுப்பான், தாலி கட்டுவான். பெண்ணைக் கட்டிக்கொடுப்பார்கள்.

ருமேனிய மொழியில் இருபாலுக்கும் பொதுவான மூன்றாவது வினை ஒன்றும் உண்டு, ‘கசத்தோரி’. அதன் வேர் ‘காஸ’, அதாவது வீடு. மணம் செய்வது என்றால் வீடு அமைப்பது. மலாய் மொழியில் மணவாழ்வு தொடங்குவதை ‘பெருமா தங்கா’ என்பார்கள். ‘ருமா’ வீடு, ‘தங்கா’ படிக்கட்டு. கருங்கடல் ஓரத்திலும் மலாக்கா நீரிணையின் கரையிலும் ஒன்றையொன்று அறியாத இரு மக்கள் திருமணத்துக்கு வீட்டையே பெயராக வைத்திருக்கிறார்கள். ஆனால் மலாயில் கணவன் ‘சுவாமி’. சமஸ்கிருதத்தின் தலைவன், உடைமையாளன். வீடு இருவருக்கும் பொது என்று வினை சொல்கிறது. எசமான் ஒருவர்தான் என்று பெயர் சொல்கிறது.

ருமேனியாவின் மரபுத் திருமணத்தில் இன்னும் சில சொற்கள் நம் கவனத்துக்கு உரியவை. தேவாலயச் சடங்கு ‘குனூனியே’. கிரீடம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆர்த்தடாக்ஸ் முறையில் மணமக்கள் இருவர் தலையிலும் கிரீடம் வைப்பார்கள். வரதட்சணை ‘ஸெஸ்த்ரெ’. அகராதிகள் அதை லத்தீனில் வலக்கையைக் குறிக்கும் ‘டெக்ஸ்த்ரெ’ என்ற சொல்லோடு சேர்க்கின்றன. கைப்பிடித்து வாக்குக் கொடுப்பதற்கு இருந்த சொல், கொடுக்கும் பொருளுக்கு ஆகிவிட்டது. மகளோடு அனுப்பும் நிலம், கால்நடை, துணிமணி, நகை எல்லாவற்றையும் வரிசையாக எழுதிய சீர்ப் பட்டியல்களை ருமேனிய வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஆவணமாகப் படிக்கிறார்கள். மணமாகாமல் இறந்துபோன இளையவர்களுக்கு மணக்கோலம் பூட்டிப் புதைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. வசீலெ அலெக்சாந்திரி 1850இல் அச்சிட்ட ‘மியோரிட்சா’ என்ற நாட்டார் பாடலில், கொல்லப்படப் போகும் இடையன் தன் சாவைக் கல்யாணம் என்று சொல்லிவிடும்படி ஆட்டிடம் கேட்கிறான். மணமாகாத வாழ்வைப் பாதி வாழ்வாகவே கருதிய சமூகம் அது.

சட்டத்துக்குள் வந்தபோது தோழரும் தாடிக்காரரும் மோதிக்கொண்டார்கள். அலெக்சாந்துரு குசாவின் ஆட்சியில் 1864இல் இயற்றப்பட்ட உரிமையியல் சட்டம் நெப்போலியனின் சட்டத்தைப் பின்பற்றியது. கணவன் பாதுகாக்க வேண்டும், மனைவி கீழ்ப்படிய வேண்டும். அவன் ஒப்புதல் இல்லாமல் அவளால் சொத்தை விற்க முடியாது. மணமான பெண்ணின் இந்தச் சட்டத் தகுதியின்மை 1932இல்தான் நீங்கியது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் 1954இல் நடப்புக்கு வந்த குடும்பச் சட்டம் கணவன் மனைவிக்குச் சம உரிமை என்றது. தோழர்களின் ஆட்சியில் தோழர் என்ற சொல்லுக்கு நல்ல காலம் பிறந்ததுபோலத் தோன்றும். ஆனால் 1966இல் அதே அரசு, சௌஷெஸ்குவின் தலைமையில், கருக்கலைப்பைத் தடை செய்தது. மணமுறிவையும் ஏறத்தாழ முடியாத காரியமாக்கியது. 25 வயதைக் கடந்தும் பிள்ளை இல்லாதவர்கள் கூடுதல் வரி கட்டினார்கள். இப்போது படுக்கையறைக்குள் வீட்டுக்காரராக வந்து உட்கார்ந்தது அரசாங்கம்.

1989இல் அந்த ஆட்சி வீழ்ந்தது. 1991ஆம் ஆண்டு அரசியலமைப்பு, குடும்பம் என்பது ‘சொட்ஸி’களுக்கு இடையே மனமுவந்து நடக்கும் திருமணத்தின் மீது அமைவது என்று எழுதியது. ‘சொட்ஸி’ என்பது ‘சொட்ஸ்’ என்பதன் பன்மை. கணவர்கள் என்றும் கொள்ளலாம், வாழ்க்கைத் துணைவர்கள் என்றும் கொள்ளலாம். தோழன் என்ற பழைய வேரின் காரணமாக அந்தச் சொல் ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. அதுதான் சிலருக்கு உறுத்தியது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘ஓர் ஆணும் ஒரு பெண்ணும்’ என்று மாற்றவேண்டும் எனச் சுமார் 30 லட்சம் கையெழுத்துகள் திரட்டப்பட்டன.

இதே காலத்தில் எதிர்த் திசையிலிருந்து இன்னொரு சொல் வந்தது. ருமேனியரான கோமனும் அமெரிக்கரான அவருடைய கணவரும் 2010இல் பிரஸ்ஸல்ஸில் மணம் செய்துகொண்டவர்கள். கணவர் ருமேனியாவில் தங்கும் உரிமை கேட்டு அவர்கள் தொடுத்த வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போனது. நடமாட்ட உரிமைச் சட்டத்தில் ஆங்கிலத்தில் ‘ஸ்பௌஸ்’ என்றிருக்கிறது, ருமேனிய வடிவத்தில் ‘சொட்ஸ்’. 2018 ஜூன் 5 அன்று அந்த நீதிமன்றம், இச்சொல் பால் வேறுபாடு பார்க்காத சொல் என்று தீர்ப்பளித்தது. ருமேனியாவின் உரிமையியல் சட்டமோ ‘சொட்ஸி’ என்றால் திருமணத்தால் இணைந்த ஆணும் பெண்ணும் என்று வரையறை எழுதி வைத்திருக்கிறது. ஒரே சொல், இரண்டு சட்டங்கள். நடுவில் ஒரு குடும்பம் ஒன்றாக வாழலாமா கூடாதா என்ற கேள்வி.

அதே ஆண்டு அக்டோபர் 6, 7 தேதிகளில் பொது வாக்கெடுப்பு நடந்தது. முடிவு செல்ல 30 விழுக்காட்டினர் வாக்களித்திருக்க வேண்டும். வந்தவர்கள் சுமார் 21 விழுக்காடு. வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாற்றத்தை ஆதரித்தாலும் பெரும்பான்மை மக்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். ‘சொட்ஸி’ தப்பியது. அதனால் ஒருபால் திருமணம் அங்கே சட்டமாகிவிடவில்லை. உரிமையியல் சட்டத்தின் தடை அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் அரசியலமைப்பில் அந்தக் கதவு பூட்டப்படவில்லை.

நம்மிடம் இந்த மூன்று பேருமே இருக்கிறார்கள். அகமுடையானாக இருந்து ஆம்படையான் ஆனவரும், ‘எங்க வீட்டுக்காரரு’ம் ஆங்கில ஹஸ்பண்டின் உறவினர்கள். ஆண் என்ற பொருளிலிருந்து கணவனான புருஷன், பர்பாட்டின் அண்ணன். கல்யாணப் பத்திரிகையிலும் மேடையிலும் மட்டும் தலைகாட்டும் துணைவர்தான் சொட்ஸ். வீட்டில் யாரும் யாரையும் துணைவரே என்று கூப்பிடுவதில்லை. எந்தச் சொல்லைப் பேச்சுக்கு வைத்திருக்கிறோம், எதை மரியாதைக்கு ஒதுக்கியிருக்கிறோம் என்பதை அகராதி சொல்லாது. அதை வீடுகளுக்குள்தான் பார்க்க வேண்டும்.