இலாகாவுக்கு வெளியே ஒரு தபால்காரர்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்திலிருந்து வடக்கே வேடசந்தூர் நோக்கியும், கிழக்கே நத்தம் நோக்கியும் செல்லும் சாலைகளில் நடந்தவர்கள் அந்த நிலத்தை அறிவார்கள். வானம் பார்த்த பூமி! சோளமும் கடலையும் விளைந்தால் வாழ்வு உண்டு; விளையாவிட்டால் மகன் பட்டாளத்துக்கோ, நூற்பாலைக்கோ, திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கோ புறப்பட்டுவிடுவான். அவன் சென்ற பின்னர், அவன் நலமாக இருக்கிறான் என்பதற்கு வீட்டார்க்குக் கிடைத்த சான்று ஒன்றே ஒன்று: மிதிவண்டியில் வந்த தபால்காரர்.

அவர் கொணர்ந்தது கடிதம் மட்டுமன்று. மகன் அனுப்பிய மணியார்டர் அவர் பையில் வந்தது. 1962-ல் இங்கே முதியோர் உதவித்தொகைத் திட்டம் தொடங்கிய பின்னர், ஆதரவற்ற மூதாட்டியின் கஞ்சிக்கான காசும் அதே பையில்தான் வந்தது. அத்துடன் வந்தது இன்னொன்று. அதை நாம் மறத்தல் ஆகாது. 1925-ல் தோன்றிய ‘குடி அரசு’ம், 1942-ல் தோன்றிய ‘திராவிட நாடு’ம், அவற்றின் வழிவந்த எண்ணற்ற ஏடுகளும் சிற்றூர்ப் படிப்பகங்களையும், முடிதிருத்தும் நிலையங்களையும், தேநீர்க் கடைகளையும் எப்படி அடைந்தன? பத்திரிகைகளுக்கு உரிய சலுகைக் கட்டண முத்திரையுடன், தபால்காரர் கையால்தான். பகுத்தறிவு, பல ஊர்களில், மிதிவண்டி ஏறித்தான் நுழைந்தது!

அப்படிப்பட்ட தபாலை இன்று நம்புவோர் குறைந்துவிட்டனர். “முக்கியமானதா? கூரியரில் போடு” என்கிறார்கள். ஏன் என்று கேட்டால், ஆயத்தமாக ஒரு விடை வருகிறது: “அடிக்கடி ஸ்டிரைக் செய்தார்கள், கெடுத்துக்கொண்டார்கள்.” இந்த விடை எளிது, ஆள்வோர்க்கு மிகவும் இனிது. உண்மைதானா என்று வரலாற்றைக் கேட்டுப் பார்ப்போம்.

1946 ஜூலை 11. வெள்ளையன் ஆட்சியின் இறுதி நாட்கள். போரினால் விலைவாசி வானளாவ ஏறியிருந்தது. தபால்காரரின் சம்பளமோ தரையை விட்டு எழவில்லை. தபால்காரர்களும் கடைநிலை ஊழியர்களும் நாடெங்கும் பையைக் கீழே வைத்தனர். தந்தி ஊழியரும், ரயில் தபால் ஊழியரும் பின்னர் சேர்ந்துகொண்டனர். கடிதம் வராமல் இன்னலுற்ற மக்கள் அவர்களைச் சபித்தார்களா? ஜூலை 29 அன்று கல்கத்தா நகரமே, அவர்கட்காகத் தன் தொழிலையெல்லாம் நிறுத்திப் பொது வேலைநிறுத்தம் செய்தது! கோரிக்கைகளில் பலவற்றை அரசு ஏற்க நேர்ந்தது. அந்த நாளில், வேலைநிறுத்தம் மக்களின் நம்பிக்கையைக் குலைக்கவில்லை. இருந்த நம்பிக்கை எத்துணை ஆழமானது என்பதையே காட்டிற்று.

வெள்ளையன் போனான், டில்லி வந்தது. 1957-ல் தபால் தந்தி ஊழியர் வேலைநிறுத்த அறிவிப்புக் கொடுத்தவுடன் இரண்டு காரியங்கள் நடந்தன: ஒரு கையில் இன்றியமையாப் பணிகள் சட்டம், மறு கையில் இரண்டாவது ஊதியக் குழு. ஊழியர் பொறுத்தனர். அதே 1957-ல் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் 15-ஆவது கூட்டம், ஒரு குடும்பம் உயிர்வாழ எவ்வளவு உணவு வேண்டும், ஆண்டுக்கு 72 கெஜம் துணி வேண்டும் என்றெல்லாம் கணக்கிட்டு, அதுவே குறைந்தபட்ச ஊதியத்துக்கு அளவுகோல் என்றது. ஊதியக் குழுவோ, அந்த அளவுகோலை ஒதுக்கிவிட்டுப் பஞ்சப்படி உட்பட மாதம் 80 ரூபாய் போதும் என்றது. அளவுகோல் வகுத்த அவையிலே அரசும் அமர்ந்திருந்தது. அளக்கும் வேளையிலே அரசைக் காணவில்லை!

விளைவு, 1960 ஜூலை 12 முதல் ஐந்து நாள் நடைபெற்ற மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தம். அவசரச் சட்டம் பாய்ந்தது. ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தனர். 1968 செப்டம்பர் 19-ல், ஒரே ஒரு நாள் அடையாள வேலைநிறுத்தம். அதற்கும் அவசரச் சட்டம், அதற்கும் துப்பாக்கிச் சூடு. மனு கொடுத்தால் மௌனம். அறிவிப்புக் கொடுத்தால் குழு. குழுவின் அறிக்கை வந்தால் அலமாரி. அலமாரியைத் தட்டினால் சட்டம். டில்லியின் பஞ்சாங்கத்தில் இந்த நான்கு திதிகளும் தவறாமல் வந்தன.

இதில் ஒரு செய்தியை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். வேலைநிறுத்தத்தால் மக்கள் இன்னலுற்றனர். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, தேதி கடந்து கைக்கு வந்த இளைஞனிடம் ஊதியக் குழுவின் கதையைக் கூறி ஆறுதல் பெறச் சொல்ல முடியாது. ஏடு வராத வாரங்களில் நமக்கே சினம் வந்ததுண்டு. ஒருமுறை வேறு வழி கண்டவன் எல்லாரும் திரும்பி வருவதில்லை. பிரிட்டனில் 1971-ல் 47 நாள் தபால் வேலைநிறுத்தம் நடந்தபோது, அரசு தன் ஏகபோக உரிமையையே தளர்த்தித் தனியார் கடிதம் கொண்டுசெல்ல இசைந்தது. ஊழியர் வெற்றியின்றித் திரும்பினர். ஆனால் அதற்கு முந்திய ஆண்டு அமெரிக்காவில் நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சட்டம் தடுத்தும், 1970 மார்ச்சில் தபால் ஊழியர் வேலையை நிறுத்தினர். குடியரசுத் தலைவர் நிக்சன் நியூயார்க்குக்குப் படைவீரர்களை அனுப்பினார். எனினும் அதே ஆண்டில், தபால் துறையையே மாற்றியமைத்து, ஊழியர் சங்கம் அமர்ந்து பேரம் பேசும் உரிமையைச் சட்டமாக்க நேர்ந்தது. இங்கே அவசரச் சட்டம் மட்டும் வந்தது. அந்த இரண்டாவது பாதி வரவேயில்லை.

சரி, மீண்டும் நம் மேட்டுநிலத்துக்கு வருவோம். இங்கே சிற்றூர் ஒன்றில் கிளைத் தபால் நிலையம் நடத்துகிறவர் யார்? மக்கள் கண்ணுக்கு அவரே தபால் இலாகா. இலாகாவின் ஏட்டிலோ, அவர் பெயர் ‘எக்ஸ்ட்ரா டிபார்ட்மெண்டல் ஏஜெண்ட்’; அதாவது இலாகாவுக்குப் புறம்பானவர்! பள்ளி ஆசிரியர், கடைக்காரர், நிலக்கிழார் போன்றோர் ஓய்வு நேரத்தில் தபாலையும் பார்த்துக்கொள்ளட்டும் என வெள்ளையன் சிக்கனத்துக்காகக் கண்ட ஏற்பாடு அது. பிழைப்புக்கு வேறு வருமானம் இருக்க வேண்டும் என்பது விதி. நிலையத்துக்கான இடத்தையும் அவரே தர வேண்டும் என்பது விதி. ஐந்து மணி நேரத்துக்கு மேற்பட்டது வேலைக் கணக்கிலேயே சேராது என்பதும் விதி. தன் வீட்டுத் திண்ணையில் அரசாங்கத்தை வாடகையின்றி அமர்த்தி வைத்திருப்பவர், அரசாங்கத்தின் ஆள் அல்லராம்!

1977-ல் உச்ச நீதிமன்றம், கேரளத்து ராஜம்மா வழக்கில், இவர்கள் வகிப்பதும் அரசுப் பதவியே என்றது. விசாரணையின்றி விரட்டும் வழக்கம் அதனால் தடைப்பட்டது. ஆனால் முழு ஊழியர்க்குரிய சம்பளமும் ஓய்வூதியமும் வரவில்லை. நீதிபதி தல்வார் குழு 1997-ல் அறிக்கை தந்தது. அலமாரி திறந்தது, மூடிற்று. 1998 ஜூலையிலும், மீண்டும் 2000 டிசம்பரில் இரண்டு வாரமும் நாடு முழுவதும் தபால் நின்றது. முதன்மைக் கோரிக்கை எது? இந்தப் புறம்பானவர்களை இலாகாவுக்கு உள்ளே சேர்க்க வேண்டும் என்பதே. அந்த நேரத்திலே கூரியர் கடைகள் பெருநகர்களைத் தாண்டி, பூட்டும் தோலும் புகையிலையும் விற்கும் திண்டுக்கல் போன்ற வாணிப ஊர்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டன. மூட்டைக்குள் முடங்கிய விலைப்பட்டியலுக்காகக் காத்திருக்க வணிகர்க்கு என்ன கட்டாயம்? 2001-ல் டில்லி ஒரு தீர்வு கண்டது. என்ன தீர்வு? பெயரை மாற்றிற்று! ‘புறம்பானவர்’ அன்று முதல் ‘கிராமின் டாக் சேவக்’ ஆனார். இந்தியில் அழைத்தால் வயிறு நிறையும் என்று எண்ணினார்கள் போலும்.

நம்பிக்கை தேய்ந்த கதையில் மொழிக்கும் பங்குண்டு. தபால்காரர் பதவிக்கு 2016-ல் தமிழகத்தில் நடந்த தேர்வில், தமிழ் நாட்டில் பிறந்து வளர்ந்தோரை விட அரியானாவிலிருந்து வந்தோர் தமிழ்த்தாளில் மிகுந்த மதிப்பெண் பெற்றனர் என்ற அதிசயம் வெளிப்பட்டு, புலனாய்வு வரை சென்றது. 2019 ஜூலை 14-ல் அதே வகைத் தேர்வை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் நடத்தினர். மாநிலங்கள் அவையில் தமிழக உறுப்பினர்கள் எழுப்பிய எதிர்ப்புக்குப் பின், இரண்டே நாளில் அத்தேர்வு ரத்தாயிற்று. குஜிலியம்பாறையில் ஒரு மூதாட்டி தமிழில் எழுதுவித்த முகவரியைப் படிக்க வேண்டியவர்க்குத் தமிழ் தெரிய வேண்டும் என்பதைப் பாராளுமன்றத்தில் சண்டையிட்டுத்தான் நிலைநாட்ட வேண்டியிருந்தது!

இடையே முதியோர் உதவித்தொகை மணியார்டரை விட்டு வங்கி வழிக்குச் சென்றது. 2013 ஜூலையில் தந்தி மறைந்தது. கைப்பேசி கடிதத்தை விழுங்கிற்று. இவற்றுக்கெல்லாம் எந்த வேலைநிறுத்தம் காரணம்?

கமலேஷ் சந்திரா குழு, சிற்றூர் ஊழியர்க்கு ஊதிய உயர்வு தேவை என 2016 நவம்பரில் அறிக்கை தந்தது. பதினெட்டு மாதம் அவர்கள் காத்திருந்தனர். பின்னர் 2018 மே 22 அன்று நாடெங்கும் கிளை நிலையங்களை மூடினர். பதினாறாம் நாள், ஜூன் 6 அன்று, அமைச்சரவை இசைவு தந்தது. நான்கு மணி நேர வேலைக்குக் கிளை நிலைய அலுவலர்க்கு 12,000, உதவியாளர்க்கு 10,000 ரூபாய் எனத் தொடக்க ஊதியம். பயன்பெறுவோர் மூன்று லட்சத்துக்கு மேல். பதினெட்டு மாதம் அசையாத கோப்பு, பதினாறு நாளில் அசைந்தது. அந்தப் பதினாறு நாளும் கடிதமும் பணமும் முடங்கியதன் பழியை யார் கணக்கில் எழுதுவது?

2023 டிசம்பர் 12 அன்று அதே ஊழியர் மீண்டும் வேலையை நிறுத்தினர். எட்டு மணி நேர வேலை வேண்டும், ஓய்வூதியம் வேண்டும் என்றனர். சரியாக அந்த நாட்களில்தான் பாராளுமன்றம், 1898-ஆம் ஆண்டின் தபால் சட்டத்தை நீக்கிப் புதுச் சட்டம் இயற்றிக்கொண்டிருந்தது. டிசம்பர் 4-ல் மாநிலங்கள் அவையிலும், 18-ல் மக்களவையிலும் அது நிறைவேறிற்று. கடிதம் சுமக்கும் தனியுரிமையை அரசு கைவிட்டது. ஆனால் அனுப்பிய பொருள் தொலைந்தாலும் தாமதித்தாலும் அரசு பொறுப்பன்று என்ற வெள்ளையன் காலத்து விதிவிலக்கு, புதுச் சட்டத்திலும் பத்திரமாக வந்து சேர்ந்தது.