தோற்றவர் தொகுத்த புத்தகம்

1858 நவம்பர் 20. தேர்தல் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. செனட் பதவி ஸ்டீபன் டக்ளஸுக்குத்தான் என்பது இல்லினாய் முழுக்கத் தெரிந்துவிட்டது. செனட்டர்களை அந்தக் காலத்தில் மாநிலச் சட்டமன்றமே தேர்ந்தெடுத்தது. சட்டமன்றத்தில் டக்ளஸின் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை. தோற்றுப்போன வக்கீல் ஆபிரகாம் லிங்கன், ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து சிகாகோவுக்கு ஒரு கடிதம் போடுகிறார். குடியரசுக் கட்சியின் குரலாக இருந்த ‘பிரஸ் அண்ட் டிரிப்யூன்’ பத்திரிகையின் ஆசிரியர் சார்லஸ் ரேக்கு.

கடிதத்தில் புலம்பல் இல்லை. மனம் உடைந்திருந்த ரேயை அவர்தான் தேற்றுகிறார்: கவலையை விடும், சீக்கிரமே இன்னொரு களேபரம் வரும், மறுபடி களத்தில் இறங்கலாம் என்கிறார். அவர் கேட்டது பழைய பேப்பர். தானும் டக்ளஸும் மேடையில் மோதிய வாதங்கள் வெளியான ஒவ்வொரு இதழிலும் இரண்டு பிரதி வேண்டும், விலையைக் கொடுத்துவிடுகிறேன். ஒரு செட்டைப் பிரிக்காமல் எடுத்து வைக்க வேண்டும், இன்னொன்றை நோட்டில் வெட்டி ஒட்ட வேண்டும். ஒரே தாளின் இரண்டு பக்கமும் வாதம் அச்சாகியிருந்தால் ஒரு நோட்டுக்கே இரண்டு செட் தேவைப்படும், அதை மறந்துவிடாதீர் என்றும் எழுதுகிறார். கத்தரியை எடுப்பதற்கு முன்பே தாளின் பின்பக்கத்தை யோசித்த மனிதர்! பத்து நாளாகியும் பதில் வராததால், ஹென்றி விட்னி என்ற வக்கீல் நண்பருக்கு எழுதி அதே பேப்பர்களைக் கேட்டார்.

அந்த வாதங்கள் ஏழு. ஆகஸ்ட் 21-இல் ஒட்டாவாவில் தொடங்கி அக்டோபர் 15-இல் ஆல்டனில் முடிந்தன. முதலில் பேசுபவருக்கு ஒரு மணி நேரம், அடுத்தவருக்கு ஒன்றரை மணி, மறுபடி முதலாமவருக்கு அரை மணி. அடிமை முறை புதிய பிரதேசங்களுக்குப் பரவலாமா என்பதே மையக் கேள்வி. ஆயிரக்கணக்கானோர் திறந்தவெளியில் நின்று கேட்டார்கள்.

சுருக்கெழுத்தாளர்கள் வாதங்களைச் சொல்லுக்குச் சொல் பிடித்தார்கள். டிரிப்யூனுக்கு எழுதியவர் ராபர்ட் ஹிட். ஃப்ரீபோர்ட்டில் ஹிட் கூட்டத்தில் மாட்டிக்கொள்ள, அவர் மேடைக்கு வந்துசேரும் வரை லிங்கன் பேச்சைத் தொடங்கவில்லை என்பார்கள். ஆனால் அன்றைய பத்திரிகைகள் கட்சிக் கொடி பிடித்தவை. நம்மாள் பேச்சு செதுக்கி வரும், எதிராளியின் பேச்சு கொச்சையாக வரும்.

இங்கேதான் லிங்கனின் நேர்மை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தன் பேச்சுகளை டிரிப்யூனிலிருந்து வெட்டினார்; டக்ளஸின் பேச்சுகளை, டக்ளஸை ஆதரித்த ‘சிகாகோ டைம்ஸ்’ஸிலிருந்து வெட்டினார். அவரவர் சொல் அவரவர் நண்பர்கள் அச்சடித்தபடி. கைதட்டல், சிரிப்பு என்று நடுநடுவே வந்த குறிப்புகளை நீக்கினார். தன் பேச்சில் சில சொற்களைத் திருத்தினார்; டக்ளஸின் பேச்சில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற நமக்கு உரிமை இல்லை என்று பின்னாளில் எழுதியும் கொடுத்தார்.

இன்னொரு சின்ன நோட்டும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். பிரசாரம் உச்சத்தில் இருந்தபோது, சட்டமன்ற வேட்பாளரான கேப்டன் ஜேம்ஸ் பிரவுன், கறுப்பின மக்களின் சமத்துவம் பற்றி லிங்கன் பேசியவற்றைக் கேட்டார். லிங்கன் ஒரு பாக்கெட் நோட்டில் கட்டிங்குகளை ஒட்டி, அக்டோபர் 18 தேதியிட்ட கடிதத்தோடு கொடுத்தார். சுதந்திரப் பிரகடனம் சொல்லும் ‘எல்லா மனிதரும்’ என்பதில் கறுப்பரும் அடக்கம் என்கிறார் அதில். சமூக, அரசியல் சமத்துவத்தை ஏற்கவில்லை என்று சார்ல்ஸ்டன் வாதத்தில் பேசியதும் அவர் பேச்சுதான். அதுவும் அச்சில் அப்படியே நிற்கிறது. படிக்கும்போது வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அவரை முழுசாகப் புரிந்துகொள்ள அந்த வரிகளும் வேண்டும்.

பெரிய நோட்டைப் புத்தகமாக்கலாம் என்று 1859 மார்ச்சில் பேச்சு எழுந்தபோது, பாடுபட்டுச் சேர்த்தது, என் கையை விட்டுப் போகக்கூடாது என்று தயங்கினார் லிங்கன். அந்த ஆண்டுக் கடைசியில் ஓஹையோ குடியரசுக் கட்சியினர் கேட்டதும் இசைந்தார். ஒரு நிபந்தனை: அனுப்பியபடியே அச்சாக வேண்டும், விமர்சனம் ஒரு வரிகூடச் சேர்க்கக் கூடாது. 1860-இல் கொலம்பஸின் ஃபாலெட், ஃபாஸ்டர் நிறுவனம் வெளியிட்டது. மே மாதம் சிகாகோவில் கூடிய கட்சி மாநாடு லிங்கனை அதிபர் வேட்பாளராக்கியது. புத்தகம் பரபரப்பாக விற்றது.

ஜூனில் டக்ளஸிடமிருந்து பதிப்பகத்துக்குப் புகார் வந்தது: என் பேச்சுகளைச் சிதைத்துவிட்டீர்கள். அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் அவரும் லிங்கனின் எதிராளி. ஆனால் அந்தப் புத்தகத்தில் டக்ளஸ் பேசியதெல்லாம், அவருடைய ஆதரவுப் பத்திரிகையே அச்சடித்த பத்திகள்.