பார்க்காத 1957

பொங்கலுக்கு நம்ம கோயம்புத்தூர்க் கடைகளில் வாழ்த்து அட்டைகள் சரம் சரமாத் தொங்கினது ஞாபகம் இருக்குங்களா? இன்னிக்கு நான் சொல்லப்போற அட்டை, 1943இல் நாஜிகளின் தெரேசின் முகாமில் வரைஞ்சது.

வரைஞ்சவர் ஹெல்கா வைசோவா. பிராக் நகரத்து யூதச் சிறுமி. 1941 டிசம்பரில், 12 வயசில் முகாமுக்குப் போனார். முதலில் ஒரு பனிமனிதனை வரைஞ்சு, ஆண்கள் பகுதியில் இருந்த அப்பாவுக்கு ரகசியமா அனுப்பினார். கண்ணால் பார்ப்பதை வரை என்று அப்பா சொல்லியனுப்பினார். பிறகு சாப்பாட்டு வரிசை, மூட்டைப்பூச்சி, முதியவர்கள் என சுமார் நூறு படங்கள்.

ஆனா தோழி ஃபிரான்ட்ஸ்காவின் 14வது பிறந்தநாள் அட்டையில் அப்பா பேச்சை மீறிட்டார். மூணு கட்டம். 1929: ஒரே பிரசவ விடுதியில் இரு குழந்தைகள். 1943: முகாமின் அடுக்குக் கட்டில். 1957: இருவரும் தாய்மார்களாக, குழந்தை வண்டிகளோடு பிராக் தெருவில். எனக்கு அந்த மூணாவது கட்டம்தாங்க தாங்கலை.

ஹெல்கா பிழைத்தார். உறவினர் ஒருவர் படங்களைச் சுவருக்குள் மறைத்துக் காப்பாற்றினார். ஃபிரான்ட்ஸ்கா 15வது பிறந்தநாளுக்கு முன்பே ஆஷ்விட்ஸில் இறந்துபோனார்.