நம்ம நாட்டு ரைஃபிளுக்கு ஏன் .315?

பன்றித் தொல்லைக்கு ரைஃபிள் வாங்கலாமான்னு தம்பி ஒருத்தர் கேட்டார். முதல்ல அந்த ரைஃபிள் கதையைக் கேளுங்க.

வெள்ளைக்காரன் காலத்துல பட்டாளத்துக்கு .303. அதே தோட்டா ஊர்சனங்க கையில கிடைச்சா தனக்கே ஆபத்துன்னு பயந்து, அந்த அளவு வெளியாள் வச்சுக்கத் தடை போட்டான். .450-க்கும் அதே கதி, லண்டன் கம்பெனிகள்.465, .470 என்று புது அளவு செய்தது அதனாலதான். நமக்கு வந்தது .315. தோட்டா ஆஸ்திரியாப் பட்டாளத்தின் பழைய மேன்லிச்சர் வகை. இங்கிலாந்து பி.எஸ்.ஏ. கம்பெனி செய்தது, கல்கத்தா பக்கம் இச்சாப்பூர் அரசு ஆலையும் செய்தது. ஆனா போல்ட்டு மட்டும் அதே .303 லீ என்ஃபீல்டு போல்ட்டு! தோட்டாவை மாத்தினான், துப்பாக்கியை மாத்தலை.

இச்சாப்பூரில் .30-06-ம் செய்தார்கள். அது இன்னும் வேகம். மலைக்காட்டுக்குச் சரி. குமாவுனில் ஜிம் கார்பெட் வைத்திருந்த .275 ரிக்பியும் போல்ட்டு ரைஃபிள்தான். தப்பின குண்டை அங்கே மலைச்சரிவு வாங்கிக்கும். நம்ம டெல்டாவுல வரப்பை விட்டா மேடு ஏது? குண்டு ஒரு மைலுக்கு மேல போகும், அங்க நடவு ஆளுங்க நிப்பாங்க. மிராசுதார் வீடுகள்ல நான் பார்த்ததெல்லாம் ரவை போடுற இரட்டைக்குழல்தான். விவரமானவங்க.

1959 ஆயுதச் சட்டமும் பயிர்க்காவலுக்குன்னு சொல்றது குழல்வாய் வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியை, ரைஃபிளை இல்லை. 1972 வனஉயிரினச் சட்டத்துக்கு அப்புறம், லைசென்சு இருந்தாலும் பன்றியைச் சுட வனத்துறை உத்தரவு தனியா வேணும் தம்பி.