குழலூதிய பொறிமனிதன்

கருவி தானே இசைக்க வேண்டும் என்னும் ஆசை மிகப் பழமையானது. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பகுதாது நகரில் வாழ்ந்த பனூ மூசா உடன்பிறந்தார் மூவர், நீரின் விசையால் தானாக ஒலிக்கும் குழலொன்றின் அமைப்பை எழுதிவைத்தனர். முள் பதித்த உருளை சுழல, குழலின் துளைகள் திறந்தும் மூடியும் இசை பிறந்தது. பின்னாளில் ஐரோப்பியத் தேவாலய மணிக்கூண்டுகளிலும் இத்தகைய உருளை இடம்பெற்றது.

இவ்வாசையை வேறொரு வழியில் நிறைவேற்ற முனைந்தவர் பிரெஞ்சு நாட்டுச் சாக் தெ வோக்கான்சோன் என்பவர். 1709இல் கிரெனோபில் நகரில் பிறந்த இவர், 1738 பிப்ரவரியில் பாரிசு மாநகரில் மனிதன் அளவான மரப்பதுமை ஒன்றைக் காட்சிக்கு வைத்தார். அது குழலை உதட்டில் பொருத்தி ஊதிப் 12 பாட்டுகளை இசைத்தது. உள்ளே இசைப்பெட்டி ஒளிந்திருக்கிறது என்று ஐயுற்றோர் பலர். வோக்கான்சோன் அதன் அமைப்பை அறிவியற் கழகத்தின் முன் விளக்கி, நூலாகவும் வெளியிட்டார்.

பதுமையினுள் 9 துருத்திகள் இருந்தன. மூன்றின்மேல் நான்கு இராத்தல் எடையும், மூன்றின்மேல் இரண்டு இராத்தல் எடையும் ஏற்றப்பட்டன. எஞ்சிய மூன்றுக்குத் தம் பலகையின் எடையே போதும். இவ்வாறு வன்மை, இடைமை, மென்மை என மூவகைக் காற்று கிடைத்தது. உருளையின் முட்கள் 15 நெம்புகோல்களை இயக்கின: விரல்களுக்கு 7, காற்றுக்கு 3, உதடுகளுக்கு 4, நாவிற்கு 1. விரல்நுனிகளில் தோல் போர்த்தப்பட்டது.

இவ்வளவு நுட்பம் எதற்கு? துளையை மூடினால் மட்டும் குழல் பாடாது. உதடு குவிவதும் விரிவதும், மூச்சு கூடுவதும் குறைவதும், நா தடுப்பதும் விடுப்பதும் சேர்ந்தே ஒரு சுரம் ஆகும். குழலூதுவோர் பழக்கத்தால் செய்வதை, வோக்கான்சோன் ஒவ்வொன்றாகப் பிரித்து அறிய வேண்டியதாயிற்று. மனிதனைப்போல் ஒரு பொறியைச் செய்யப் புகுந்தவர், மனிதனையே முதலில் கற்றார்.

இத்திறமையைக் கண்ட அரசு, 1741இல் அவரைப் பட்டுத்தொழிலின் மேற்பார்வையாளராக்கியது. இங்கே கதை திரும்புகிறது. அவர் வகுத்த விதிகளால் பெருவணிகர்க்குக் கூலியாட்களாகிவிடுவோம் என அஞ்சிய லியோன் நகரச் சிறு நெசவாளர், 1744இல் கிளர்ந்தெழுந்தனர். பாரிசு மக்கள் காசு கொடுத்துக் கண்டு வியந்த அறிஞர், லியோன் மக்களின் சினத்துக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடினார். பின்னர் அவர் செய்த தானியங்கித் தறியும் பயன்படாது கிடந்தது. பல ஆண்டுகள் கழித்து அதனை ஆராய்ந்த சக்கார்டு, துளையிட்ட அட்டைகளைக் கோத்து இயங்கும் தறியை உருவாக்கினார்.

துளையிட்ட தாள் மீண்டும் இசைக்கே வந்தது. தானியங்கிப் பியானோவைத் துளைத்தாள் சுருள் இயக்கியது. 1940இல் மெக்சிகோவில் குடியேறிய அமெரிக்க இசைப்புலவர் கான்லன் நான்கேரோ, அத்தாளில் துளைகளைத் தம் கையாலேயே இட்டு, பத்து விரல்களால் இயலாத வேகமும் தாளக் கோவையும் படைத்தார். வோக்கான்சோன் பொறியை மனிதனைப்போல் இசைக்கச் செய்தார். நான்கேரோ மனிதனால் ஆகாததைப் பொறியிடம் கேட்டார்.

அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் உருவான சிமோன் என்னும் மரிம்பா இசைக்கும் எந்திரன், உடன் இசைப்போரின் வாசிப்பைக் கேட்டு மறுமொழியாக வாசிக்கிறது. வோக்கான்சோனின் பதுமைக்குச் செவி இல்லை. அப்பதுமை இன்று எங்கும் இல்லை. அதனை விளக்கிய நூல் மட்டும் நிற்கிறது.

பொறி பாடுவது வியப்புக்குரியதே. ஆயினும் உருளையில் முள் பதிப்பவர் யார், யாருடைய நலனுக்காகப் பதிக்கிறார் என்னும் வினாவைக் கேட்கச் செய்தவர்கள் லியோன் நெசவாளரே. இசையரங்கில் கைதட்டலும் தறிக்கூடத்தில் கலகமும் ஒரே அறிவின் விளைவுகள் என்பதை வரலாறு காட்டுகிறது.